எதை இன்ஷூர் செய்வது?

சினிமா பற்றி நான் 12 வருஷங்களாக எழுதி வருகிறேன். எழுதியவை பெரும்பாலும் இதுபோன்ற பத்திரிகைகளில்தான் வந்திருக்கின்றன. படித்தவர்கள் எண்ணிக்கை 500ஐத் தாண்டியிருக்காது. பிழைப்பு வேறு. தேசியமயமான வங்கியொன்றின் கிளையில் குமாஸ்தா. இந்த இரண்டு காரியங்களும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கவுண்டரில் சினிமா பேசுவதில்லை. கட்டுரையில் பணம் பேசுவதில்லை. இரண்டாவது பழக்கம் தவறு என்று இப்போது நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நண்பர் ஒருவர் படம் எடுத்தார். 80 நிமிஷப் படம். தாமிரபரணிக் கரையில் ஒரு பழைய அக்ரஹாரத்தில் 18 நாள் படப்பிடிப்பு. மொத்தச் செலவு 14 லட்சம் ரூபாய் என்று திட்டம். ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஒடெஸ்ஸா என்ற அமைப்பை வைத்துக்கொண்டு கேரளத்தில் ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் காசு வசூலித்து 1986ல் ‘அம்மா அறியான்’ எடுத்தது நண்பருக்கு ஆதர்சம். அதே ஜான் ஆபிரகாம் 1977ல் தமிழில் எடுத்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’க்குத் திரைக்கதை எழுதியவர் வெங்கட் சாமிநாதன் என்பதால், அந்த உதாரணம் எங்களுக்கு ஏதோ குடும்ப விஷயம் போலவும் இருந்தது. 43 பேர் பணம் கொடுத்தார்கள். நான் பிராவிடண்ட் பண்டில் கடன் வாங்கி ஒரு லட்சம் கொடுத்தேன். வங்கிக்காரன் என்பதால் கணக்கு எழுதும் வேலை எனக்கு வந்தது. ‘அப்படியே இந்த இன்ஷூரன்ஸ் சமாசாரமும் என்னவென்று பாருங்கள்’ என்றார் நண்பர். கேமரா வாடகைக்குக் கொடுப்பவர், சேதம் எதுவானாலும் முழுக்க உங்கள் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கேமராவும் லென்ஸ்களும் எங்கள் படத்தைவிட விலை அதிகம்.

எங்கள் கிளைக்கு வாடிக்கையாக வரும் ஒரு இன்ஷூரன்ஸ் அதிகாரி இருக்கிறார். அவர் ஆபீசுக்குப் போனேன். மனிதர் நல்லவர். டீ வாங்கிக் கொடுத்து, சினிமாவுக்கென்றே இருக்கிற பாலிஸியின் ப்ரபோஸல் பாரத்தை எடுத்துப் போட்டார். நம் நாட்டில் இந்த பாலிஸிக்கு வயது அதிகமில்லை. ஜெனரல் இன்ஷூரன்ஸ் 1972ல் தேசியமயமாயிற்று. சினிமாவைத் தொழில் என்று ஒப்புக்கொள்வதாக சர்க்கார் சொன்னது 1998ல். 1999ல் வெளிவந்த ‘தால்’ என்ற இந்திப் படத்தைத்தான் இங்கே முதலில் இன்ஷூர் செய்யப்பட்ட படமாகச் சொல்கிறார்கள். அதைச் செய்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பொதுத்துறைக் கம்பெனி. ஆக, பாரம் அச்சடிக்கப்பட்டபோதே அவர்கள் மனதில் இருந்த படம் எந்த ஜாதிப் படம் என்பது தெளிவு.

முக்கிய நடிகர்களின் பெயர், வயது, டாக்டர் சான்றிதழ். எங்கள் முக்கிய நடிகர்கள் 78 வயதுப் பாட்டி ஒருத்தியும், பஞ்சாயத்துப் பள்ளியில் ஆறாவது படிக்கும் ஒரு பையனும். தயாரிப்பாளரின் முந்தைய படங்கள். இல்லை. விநியோகஸ்தர் யார். இல்லை. அபாயகரமான காட்சிகள் உண்டா. அதற்கும் ‘இல்லை’ என்று எழுதினேன். சண்டை கிடையாது, தீ கிடையாது, குதிரை கிடையாது. ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு பையன் ஆற்றுக்குப் போய்விட்டு வருகிறான். இதில் என்ன அபாயம்?

அதிகாரி பாரத்தைப் பார்த்துவிட்டு, கேலியில்லாமல்தான் கேட்டார்: “சார், உங்க படத்துல எதை இன்ஷூர் பண்றது?”

அவர் சொன்ன பிரீமியம் எங்கள் ஒலிக்கலவைக்கு ஒதுக்கியிருந்த தொகையைவிடக் கொஞ்சம் அதிகம். ஒலியை விட்டுவிட்டு இன்ஷூரன்ஸ் எடுப்பதா என்று நண்பர் கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கேமராவுக்கு மட்டும் பாலிஸி எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

பஸ்ஸில் வரும்போது ராய் ஞாபகம்தான். ‘பதேர் பாஞ்சாலி’யை ஒரு இன்ஷூரன்ஸ் கதையாகவும் வாசிக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றிற்று. படத்தைத் தொடங்கப் பணமில்லாமல் சத்யஜித் ராய் தன் ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிஸியின் பேரில் கடன் வாங்கினார். எல்.ஐ.சி. அப்போது பிறக்கவில்லை, அது 1956ல். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்கு என்று வைத்திருந்ததை எடுத்துப் படத்தில் போட்டார். வேறு பாதுகாப்பு எதுவுமில்லை. 1952 அக்டோபரில் நாணல் பூத்த வெளியில் படப்பிடிப்பு தொடங்கிற்று. ஒரு நாள் எடுத்தார்கள். அடுத்த தடவை போனபோது மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்க அடுத்த பருவம் வரை காத்திருந்தார்கள். மிட்டாய்க்காரராக நடித்தவர் நடுவில் இறந்துபோனார்; அதே உடல்வாகுள்ள இன்னொருவரைப் பிடித்து முதுகைக் காட்டவைத்து மிச்சத்தை எடுத்தார்கள். படத்தில் வரும் நாயும் செத்து, வேறு நாய் வந்தது. எண்பது வயதை ஒட்டிய சுனிபாலா தேவி வேலை முடியும்வரை உயிரோடிருந்தார். 1955ல் படம் வெளிவந்ததைப் பார்க்க அவர் இல்லை. பணமில்லாமல் நின்று நின்று இரண்டரை வருஷம் இழுத்ததில் பையனின் குரல் உடையாமலும், சிறுமி வளர்ந்துவிடாமலும், கிழவி இறந்துவிடாமலும் இருந்ததை அதிசயங்கள் என்று ராயே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

நம்மைப் போன்றவர்கள் இந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். சொல்லும்போதெல்லாம் ஒரு பரவசம். இல்லாமையிலிருந்து கலை பிறக்கிறது என்கிற மாதிரி. ஆனால் இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. அதிசயம் நடந்த படத்தைத்தான் நாம் பார்க்கிறோம். கிழவி பாதியில் இறந்துபோன படங்கள் பெட்டியில் கிடந்து மக்கிப்போயிருக்கும். அவற்றைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

இன்ஷூரன்ஸ் என்பதன் அடிப்படை ரொம்ப எளிமையானது. ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள். அதில் யாரோ நான்கு பேருக்கு வரும் கஷ்டத்தை அந்தப் பணம் தாங்குகிறது. ஆயிரம் பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரியாக இருந்தால்தான் யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட முடியும். லாரிகள் ஒரே மாதிரி, பஞ்சு மூட்டைகள் ஒரே மாதிரி. வியாபாரப் படங்கள்கூட ஒருவகையில் ஒரே மாதிரிதான். அது அவற்றின் மேல் நாம் வைக்கும் குற்றச்சாட்டே. சின்னப் படமோ எண்ணிக்கையில் குறைவு, ஒன்று போல் இன்னொன்று இல்லை. அதை மதிப்பிட ஒரு அதிகாரி செலவிடும் நேரம் பெரிய படத்துக்குச் செலவிடும் அதே நேரம். அதனால் பிரீமியத்துக்கு ஒரு குறைந்தபட்சம் வைத்துவிடுகிறார்கள். 100 கோடிப் படத்துக்கு அது தூசி. 14 லட்சத்துக்கு அது ஒலி. எதன் தனித்தன்மையை நாம் கொண்டாடுகிறோமோ அதுவே அதை இன்ஷூர் செய்ய முடியாததாக்குகிறது. இதில் யாருடைய சதியும் இல்லை. கணக்கு அப்படி.

இன்ஷூரன்ஸ் கிடைத்த சின்னப் படங்களின் கதையும் எப்போதும் சுபமாக முடிவதில்லை. நஷ்டத்தை ஈடு செய்வது என்றால், நஷ்டத்துக்கு முன்பு இருந்த நிலைமைக்குக் கொண்டுவந்து விடுவது என்று அர்த்தம். பணத்துக்கு அப்படி ஒரு முந்தைய நிலைமை உண்டு. பாதி எடுத்த படத்துக்கு அது கிடையாது. டச்சு டைரக்டர் ஜார்ஜ் ஸ்லூய்ஸர் ‘டார்க் பிளட்’ என்ற படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, 1993 அக்டோபர் 31ஆம் தேதி அதன் நடிகர் ரிவர் ஃபீனிக்ஸ் இறந்துபோனார். வயது 23. சில காட்சிகள்தான் பாக்கி. படம் கைவிடப்பட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கொடுத்து ஈடு செய்தது. எடுத்தவரைக்குமான பிலிம் அதன் சொத்தாயிற்று. லாரி முழுதாக நொறுங்கினால் பணத்தைக் கொடுத்துவிட்டு இரும்பை எடுத்துக்கொள்கிறார்களே, அதே விதி. பிலிமை வைத்திருப்பதற்குச் செலவாகிறது என்பதால் 1999ல் அதை அழித்துவிட இருந்தார்கள். ஸ்லூய்ஸர் விஷயம் தெரிந்து அந்தப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனார். 2012ல், எடுக்காமல் விட்ட காட்சிகளைத் தன் குரலிலேயே வாசித்துச் சேர்த்து, நெதர்லாந்து திரைப்பட விழாவில் காட்டினார். டெர்ரி கில்லியம் 2000ல் ஸ்பெயினில் தொடங்கிய டான் குயிக்ஸாட் படம் திடீர் வெள்ளத்தாலும் நடிகரின் நோயாலும் நின்றுபோனபோது, அதன் திரைக்கதை உரிமையே இன்ஷூரன்ஸ்காரர்கள் கைக்குப் போயிற்று. படம் முடிந்து வெளிவந்தது 2018ல்.

இதையெல்லாம் நான் நண்பரிடம் சொன்னேன். இன்ஷூரன்ஸ் எடுக்காமல் விட்டதற்கு ஒரு தத்துவம் கிடைத்துவிட்ட திருப்தி இரண்டு பேருக்கும். நம் படம் நம்முடையதாகவே இருக்கும் என்றார் அவர்.

11ஆம் நாள். நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். சாயங்கால வெயில் முற்றத்தில் விழுவதை எடுக்கவேண்டும். வெயில் பலமாக இருந்ததால் அதை மட்டுப்படுத்த முற்றத்துக்கு மேலே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டவேண்டியிருந்தது. சாலிகிராமத்திலிருந்து லைட்டுகளோடு வந்திருந்த லைட்மேன் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று கட்டினார். 50 வயதைத் தாண்டியவர். யூனிட்டில் எல்லோருக்கும் அவர் ‘லைட் அண்ணே’. அந்தச் சுவர் நூறு வருஷத்துச் சுண்ணாம்புச் சுவர். முதல் தடவை காட்சி சரியாக வரவில்லை. இரண்டாவது தடவை சரியாக வந்தது. நண்பர் ‘ஓகே’ என்றார். துணியை அவிழ்க்கும்போது சுவரில் ஒரு பகுதி அப்படியே பெயர்ந்தது. அண்ணன் முற்றத்தில் கால் ஊன்றி விழுந்தார். அலறவில்லை. ‘கேமரா பத்திரம்’ என்றுதான் முதலில் சொன்னார். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குத்தான் பாலிஸி இருந்தது.

இரண்டு குதிகாலும் நொறுங்கியிருந்தன. ஆபரேஷன், தகடு, ஆஸ்பத்திரி வாசம் எல்லாம் சேர்த்து 1,70,000 ரூபாய். பிறகு ஆறு மாசம் வேலைக்குப் போகக்கூடாது.

எங்கள் கவுண்டரில் தினமும் நான் நிரப்பிக் கொடுக்கும் பாரம் ஒன்று உண்டு. சேமிப்புக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய் பிடித்துக்கொண்டு, விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம் கொடுக்கும் மத்திய சர்க்கார் திட்டம். 2015ல் 12 ரூபாயில் தொடங்கி 2022ல் 20 ரூபாயாயிற்று. அண்ணன் கணக்கிலும் அந்த 20 ரூபாய் பிடித்திருந்தார்கள். இரண்டு கண்ணோ, இரண்டு கையோ, இரண்டு காலோ போனால் இரண்டு லட்சம். ஒன்று போனால் ஒரு லட்சம். குதிகால் நொறுங்கி, கால் காலாகவே மிஞ்சினால் ஒன்றுமில்லை. விதிகளை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணனின் மகனுக்கு அதை விளக்கியவனும் நானே.

நண்பருக்கும் எனக்கும் அன்றிரவு வார்த்தை தடித்தது. ஒலிக்கலவைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிடலாம் என்றேன். பாதி இப்போது கட்டலாம், மீதியைப் படத்தை ஒரு விழாவுக்கு அனுப்பிய பிறகு பார்க்கலாம் என்றார் அவர். படம் முடியாவிட்டால் 43 பேருக்கும் என்ன பதில் என்று கேட்டார். அவர் கேட்டது தவறில்லை. அந்தப் பணம் அவருடையது இல்லைதான். ஆனால் ‘படம் முக்கியம்’ என்று அவர் சொன்னபோது, அந்த வாக்கியத்தை நான் எத்தனை கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. அவர் அதை என்னிடமிருந்துகூடக் கற்றிருக்கலாம். கடைசியில் முழுப் பணமும் கட்டினோம். ஆறு மாசக் கூலிக்கு எங்களால் முடிந்தது இரண்டு மாசம்.

ஒரு வாரம் கழித்து அந்த இன்ஷூரன்ஸ் அதிகாரி கவுண்டருக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “அதுக்குத் தனியா பாலிஸி இருக்கே சார். வேலை செய்யறவங்களுக்கு விபத்து நஷ்டஈடு. ஆள் பேர்கூட வேண்டாம். எத்தனை பேர், என்ன கூலி, எத்தனை நாள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிச் செலவும் சேர்த்துப் போட்டுக்கலாம். நீங்க கேக்கலையே.”

எங்கள் 18 நாளுக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று ஒரு சலானின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். யூனிட்டின் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவு.

நீங்கள் கேட்கவில்லையே என்று அவர் சொன்னது என்னைவிட்டுப் போகவில்லை. நான் கேட்டது என்ன? கேமராவைப் பற்றிக் கேட்டேன். எடுத்த காட்சிகள் பதிந்திருக்கும் டிஸ்க்கைப் பற்றிக் கேட்டேன். பாட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் படம் என்னாவது என்று கேட்டேன். பாட்டியைப் பற்றிக் கேட்டதுகூடப் படத்தைப் பற்றிக் கேட்டதுதான். வேலைக்காரர்களுக்கு விபத்து நஷ்டஈடு என்பது இந்த நாட்டில் 1923லேயே சட்டமான விஷயம். வங்கிக் கடன் கேட்டு வரும் சின்னப் பட்டறை முதலாளியிடம் ‘தொழிலாளிகளுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா’ என்று நானே கேட்டிருக்கிறேன். அக்ரஹாரத்து முற்றம் ஒரு பட்டறை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே நடந்தது கலை. அபாயகரமான காட்சிகள் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினேனே, அது பொய் இல்லை. நான் சட்டகத்துக்குள்தான் பார்த்தேன். 12 வருஷமாக அப்படிப் பார்ப்பதையே விமர்சனம் என்று பயிற்சி செய்திருக்கிறேன்.

இது சின்னப் படங்களின் பிரச்னை மட்டுமில்லை. 2020 பிப்ரவரியில் சென்னையை ஒட்டிய ஒரு படப்பிடிப்புத் தளத்தில் மிகப் பெரிய படமொன்றுக்காக நின்ற கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். பணம் இருப்பதும் இல்லாததும் விழுவதைத் தீர்மானிப்பதில்லை. விழுந்த பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் தீர்மானிக்கிறது.

இனி நடைமுறை. சின்னப் படங்களுக்கு மலிவான இன்ஷூரன்ஸ் சாத்தியமா? தனித்தனியாகப் போய் நின்றால் இல்லை. கூட்டமாகப் போனால் உண்டு என்று எனக்குப் படுகிறது. ஒரு படத்தின் கலைமதிப்பை எந்தக் கம்பெனியாலும் கணக்கிட முடியாது; ஆனால் ஏணியில் ஏறுகிறவனின் கூலியைக் கணக்கிட முடியும். அது எல்லாப் படத்திலும் ஒரே மாதிரியான விஷயம். பத்து சின்னப் படக்காரர்கள், அல்லது அவர்கள் சார்பில் ஒரு பிலிம் சொசைட்டி, வருஷத்துக்கு இத்தனை ஆள், இத்தனை நாள் என்று சேர்ந்து சொல்லி ஒரே பாலிஸி எடுக்க முயன்று பார்க்கலாம். கேமரா வாடகைக்காரர் தன் சாமான்கள் எல்லாவற்றுக்கும் வருஷ பாலிஸி எடுத்து, அதை நாள் வாடகையில் சேர்த்துவிட்டால், 18 நாளுக்குக் குறைந்தபட்சப் பிரீமியம் கட்டும் அவஸ்தை இருக்காது. சாமானின் மதிப்பைக் குறைத்துச் சொல்லிப் பிரீமியத்தை மிச்சம் பிடிக்கும் கெட்டிக்காரத்தனம் மட்டும் கூடாது. பாதி மதிப்புக்குப் பாலிஸி எடுத்தால் சேதத்திலும் பாதிதான் கிடைக்கும்.

சர்க்காருக்கும் இதில் ஒரு இடம் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் போன்ற நகரங்களில் தெருவில் படம்பிடிக்க அனுமதி கேட்டால் பத்து லட்சம் டாலருக்குப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் சான்றிதழைக் காட்டவேண்டும். இது ஏழைப் படக்காரனை வாசலிலேயே நிறுத்துகிறது என்பது உண்மை. எல்லோரும் எடுத்தாக வேண்டும் என்பதால் சில நாட்களுக்கு மட்டுமான பாலிஸிகள் அங்கே சகஜமாகக் கிடைக்கின்றன என்பதும் உண்மை. 2020ல் கொள்ளைநோய் வந்து, தொற்றால் நிற்கும் படப்பிடிப்புகளுக்குப் பொறுப்பில்லை என்று கம்பெனிகள் ஒதுங்கியபோது, பிரிட்டிஷ் சர்க்கார் 50 கோடி பவுனில் ஒரு ஈட்டுத் திட்டம் போட்டு வேலையை மறுபடி ஓடவைத்தது. இங்கே 1960ல் தொடங்கிய பிலிம் பைனான்ஸ் கார்ப்பரேஷன் கடன் கொடுத்ததால்தான் 1969ல் ‘புவன் ஷோம்’ சாத்தியமாயிற்று. கடன் கொடுக்க ஒரு ஸ்தாபனம் இருக்கலாமென்றால், விழுகிறவனைத் தாங்க ஒன்று இருக்கக்கூடாதா என்று கேட்பது அதிகமில்லை.

படம் முடிந்தது. ஒலிக்கலவையை நண்பரின் அறையில் கம்ப்யூட்டரில் செய்தோம், கொஞ்சம் மோசம்தான். போன மாசம் பிலிம் சொசைட்டியில் திரையிட்டார்கள். முற்றத்தில் வெயில் இறங்கும் காட்சியைப் பற்றிப் பலரும் பேசினார்கள். நிஜமாகவே படத்தில் அதுதான் சிறந்த காட்சி. வெளிச்சம் அவ்வளவு மிருதுவாக விழுகிறது. அது அப்படி விழுவதற்கு மேலே ஒருவர் நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். காட்சி ஓடும்போது நான் திரையின் மேல்விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒன்றும் தெரியாது. அண்ணன் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. இப்போது மேலே ஏறுவதில்லை. ஜெனரேட்டர் வண்டியில் வேலை. கூலி குறைவு.

படத்துக்கு விமர்சனம் எழுதும்படி நண்பர் கேட்டார். இதுதான் என்னால் முடிந்தது. அடுத்த படத்துக்கு பட்ஜெட் போட்டு அனுப்பியிருக்கிறார். முதல் வரி கேமரா வாடகை. நான் அதற்கு மேலே ஒரு வரி எழுதி, அதிகாரி சலானில் போட்டுக் கொடுத்த தொகையை அதன் எதிரே குறித்துத் திருப்பி அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.